சீமைத் தாத்தாவைத் தேடி வருகிறவர்கள்

மார்கழி, தை மாதங்களில் மாமல்லபுரம் பக்கம் போனால் வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். முக்கால்வாசிப் பேர் சிற்பம் பார்க்க வருகிறவர்கள். அபூர்வமாக ஒருவர் இருவர், கையில் ஏதோ பழைய பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு, "இங்கே இங்கிலீஷ்காரர்களின் பழைய கல்லறை எங்கே இருக்கிறது?" என்று விசாரிப்பதும் உண்டு. அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா ஒருவர் கும்பினி காலத்தில் இந்தச் சீமைக்கு உத்தியோகம் பார்க்க வந்து, ஊர் திரும்பாமலே மண்ணோடு மண்ணாகிவிட்டவராக இருப்பார்.

"செத்து நூற்றைம்பது வருஷமான மனுஷனைத் தேடிக்கொண்டு இவ்வளவு தூரமா? வேறே வேலை இல்லையா இவர்களுக்கு?" என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். நம்மில் பெரும்பாலோர் சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் திதி கொடுக்கிறவர்கள். எங்கே இருக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. எள்ளும் தண்ணீரும் போய்ச் சேர்ந்தால் போதும். அவர்களுக்கோ அந்தக் கல்தான் திதி. ஒரு தடவையாவது அதன் முன்னால் நின்றால்தான் மனசு ஆறும்.

இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதே சுவாரஸ்யமான கதை. அதற்குள்ளே நமக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும், ஒரு சங்கதி இருக்கிறது.

லண்டனில் இருக்கிறது நகல்

வேடிக்கை என்னவென்றால், செங்கல்பட்டுப் பக்கம் புதைந்தவரைத் தேடுகிற வேலை செங்கல்பட்டில் ஆரம்பிப்பதே இல்லை. லண்டனில்தான் ஆரம்பிக்கிறது.

கும்பினிக்காரர்கள் கணக்கில் கெட்டி. சென்னை ராஜதானியில் ஒரு பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்தாலும், கல்யாணம் செய்து வைத்தாலும், அடக்கம் செய்தாலும், தம் கோவில் பதிவேட்டில் எழுதுவதோடு விடவில்லை. அதன் நகல் சீமைக்கும் போயாக வேண்டும். அப்படி 1698 முதல் 1948 வரை சேர்ந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு பத்திரமாக இருக்கின்றன. இங்கே மூலப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தாலும் அங்கே நகல் பிழைத்திருக்கும். 2014-லிருந்து இவற்றின் படங்கள் 'ஃபைண்ட் மை பாஸ்ட்' என்ற கட்டண இணையதளத்தில் வந்துவிட்டன. 1998-ல் தொடங்கிய 'ஃபிபிஸ்' என்ற குடும்ப வரலாற்றுச் சங்கம், இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை இலவசமாகவே தேட விடுகிறது. ஆகவே இப்போது பேரப்பிள்ளை தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதி தூரம் வந்துவிடுகிறான்.

அந்தப் பதிவில் என்ன இருக்கும்? பெயர், வயது, உத்தியோகம், செத்த நாள், அடக்கம் செய்த நாள், பாதிரியார் கையெழுத்து. இந்த ஊர் வெயிலில் பிணத்தை வைத்திருக்க முடியாது என்பதால் இரண்டு தேதிகளும் அநேகமாக ஒன்றாகவோ, அடுத்தடுத்த நாளாகவோ இருக்கும். பாதிரியார் இல்லாத சின்ன ஊரில் கலெக்டரோ பட்டாளத்து அதிகாரியோ ஜெபம் படித்து அடக்கம் செய்துவிட்டு, பிறகு எழுதி அனுப்பியதும் உண்டு. பிற்காலத்து ஏடுகளில் மரணத்துக்குக் காரணமும் போட்டிருக்கும்: காலரா, சீதபேதி, காய்ச்சல்.

இந்தக் காரணப் பத்தியைத்தான் நம்மைப் போன்ற தாய்மார்கள் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். பெற்றவளுக்கு 'பிரசவக் காய்ச்சல்'. பத்து மாசக் குழந்தைக்கு 'பல் முளைத்தல்'. ஆமாம், பல் முளைத்ததால் குழந்தை இறந்ததாக அந்தக் காலத்து டாக்டர்களே எழுதி வைத்தார்கள்! பல் முளைத்து எந்தக் குழந்தையும் சாகாது. அந்த வயதில் குழந்தை தவழ்ந்து போய் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறது, தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் சேர்கிறது, பேதி பிடிக்கிறது, உடம்பிலுள்ள தண்ணீர் வற்றிப்போகிறது. பழி பல்லின் மேல். போதாக்குறைக்கு, பல் பவுடர் என்று பாதரசம் கலந்த மருந்தை வேறு சீமைத் தாய்மார்கள் குழந்தைக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் அந்தப் பவுடர் கடையை விட்டுப் போனது 1954 வாக்கில்தான். இன்றைக்கு ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுகிறோமே, அது அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கல்லறைகளில் எத்தனையோ சின்னக் கல் இருந்திருக்காது.

ஊர்ப் பெயர் என்ற சிக்கல்

பதிவு கிடைத்துவிட்டது, அடுத்தது ஊர். இங்கேதான் வந்தவர்கள் திண்டாடுவார்கள். 'செவன் பகோடாஸ்' என்று எழுதியிருந்தால் அது மாமல்லபுரம். 'கவலாங்' என்றால் கோவளம். 'சாட்ராஸ்' என்றால் கல்பாக்கத்துக்குப் பக்கத்திலுள்ள சதுரங்கப்பட்டினம். 'கராங்கூலி' என்பது மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழி என்று யார் கண்டார்கள்? 'காஞ்சீவரம்' மட்டும் நமக்கே பழக்கம், புடவையால்.

'சிங்கிள்புட்' என்று போட்டிருந்தாலும் அது செங்கல்பட்டு ஊராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை; ஜில்லாவாகவும் இருக்கலாம். அந்தக் காலத்து ஜில்லா, வடக்கே பழவேற்காடு, மேற்கே காஞ்சிபுரம், திருவள்ளூர், நடுவிலே பரங்கிமலை, பல்லாவரம் எல்லாம் சேர்ந்தது. கலெக்டர் கச்சேரியே பல காலம் சைதாப்பேட்டையில் நடந்திருக்கிறது. 1997-ல் ஜில்லா இரண்டாகி, 2019-ல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. இதெல்லாம் தெரியாமல் செங்கல்பட்டு ரயிலடியில் இறங்கி மூன்று நாள் அலைந்தால் என்ன கிடைக்கும்? பரங்கிமலை பீரங்கிப் பட்டாளத்தின் தலைமையிடம். பல்லாவரம் இன்னொரு பட்டாள ஊர். பட்டாளத்துக்காரர் என்றால் முதலில் அந்த இரண்டு இடங்களைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சபையையும் கவனிக்க வேண்டும். ஐரிஷ் சிப்பாய் கத்தோலிக்கராக இருப்பார். செங்கல்பட்டில் பள்ளியும் கோவிலும் நடத்திய மிஷனோ ஸ்காட்லாந்து மிஷன். அவர்கள் விஷயம் எடின்பரோவில் கிடைத்தாலும் கிடைக்கும். 1947-ல் பல சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆன பிறகு, உள்ளூர் கோவில் பதிவேடுகள் பலவும் அதன் குருமார் பொறுப்பில் வந்தன.

கல் ஓரிடம், ஆள் ஓரிடம்

பதிவேடு 'அடக்கம் செய்தேன்' என்று சொல்லுமே தவிர, எந்த மூலையில், எந்த மரத்தடியில் என்று சொல்லாது. அதற்குக் கைகொடுக்கிற புத்தகம் ஒன்று உண்டு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, ராஜதானி முழுக்க உள்ள கல்லறை வாசகங்களைச் சேர்த்து 1905-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். கல்லே உடைந்து போயிருந்தாலும் அதன் எழுத்தை இவர் புத்தகத்தில் படிக்கலாம். 1976-ல் தியான் வில்கின்சன் என்பவர் லண்டனில் தெற்காசியக் கல்லறைகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அவர்கள் பத்திரிகையின் பெயர் என்ன தெரியுமோ? 'சௌக்கிதார்', நம் ஊர்க் காவல்காரர்!

ஆனால் கல்லைக் கண்டதும் கண்ணீர் விட்டுவிடக் கூடாது. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் சுவர் சூழ்ந்த அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லில் சித்திர வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். அத்தனையும் டச்சுக்காரர்களுடையவை. மஸ்லின் வியாபாரத்துக்காக வந்தவர்கள். 1824 உடன்படிக்கைக்குப் பிறகுதான் அந்த ஊர் ஒரேயடியாக இங்கிலீஷ்காரர் வசம் போனது. கோவளத்தில் 1808-ல் கார்மேல் மாதா கோவிலைக் கட்டிய ஜான் டி மான்டியோ போர்த்துக்கீசிய வம்சம். 1782 பிப்ரவரி 17-ந் தேதி சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே இங்கிலீஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் மோதிக்கொண்டபோது செத்த மாலுமிகளுக்குக் கடல்தான் கல்லறை. அவர்கள் பேரன் கரையில் நின்று பூப்போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர் வயல்வெளியில் இரண்டு ஸ்தூபிகள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27-ந் தேதி ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் செத்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற இரண்டு அதிகாரிகளுக்கு. அன்றைக்கு அவர்களோடு விழுந்த சாதாரண சிப்பாய்களுக்கு, வெள்ளையரோ கறுப்பரோ, ஒரு செங்கல்கூட இல்லை.

சென்னைக் கோட்டையில் இன்னும் விசித்திரம். புனித மேரி கோவில் முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அவற்றின் கீழே ஆள் இல்லை! பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கல்லறைகளை மறைவாக வைத்துச் சுட்டார்கள். இனி அந்த வம்பே வேண்டாமென்று, சண்டை ஓய்ந்ததும் கற்களைப் பெயர்த்துக் கோவிலைச் சுற்றிப் போட்டுவிட்டார்கள். பெயர்க்காமல் விட்ட ஒன்றிரண்டில் ஒன்று, கவர்னர் எலிஹு யேலின் மகன் டேவிட்டினுடையது. 1688 ஜனவரியில் இறந்தபோது அந்தப் பிள்ளைக்கு நாலு வயது நிறையவில்லை. அவனைப் பெற்ற கேதரின் மறுவருஷமே பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சீமைக்குப் போய்விட்டாள்.

மாறாக, இரண்டாம் உலகப் போரில் இறந்தவரென்றால் கவலையே இல்லை. பரங்கிமலையை அடுத்த நந்தம்பாக்கத்தில் 1952-ல் அமைத்த போர்க் கல்லறையில் 856 பேர் இருக்கிறார்கள். பல ஊர் இடுகாடுகளில் கவனிப்பாரில்லாமல் போய்விடுமே என்று எடுத்து வந்து அடக்கம் செய்தவர்கள் அநேகர். பெயர், எண், வரிசை எல்லாம் கச்சிதம். புல்வெளியைப் பார்த்தால் யாரோ நேற்றுத்தான் சீவியது போலிருக்கும்.

அம்மாவின் பெயர் என்ன?

கவனித்தீர்களா? தாத்தா கிடைத்துவிடுகிறார். பாட்டி கிடைப்பதில்லை.

வெள்ளைக்காரப் பாட்டியாவது 'இன்னாரின் மனைவி' என்று கல்லின் அடியில் ஓரிடம் பிடித்திருப்பாள். ஆனால் அந்தக் காலத்தில் கும்பினிச் சிப்பாய்களும் அதிகாரிகளும் நம் ஊர்ப் பெண்களோடுதான் பெரும்பாலும் குடும்பம் நடத்தினார்கள். கப்பலில் வந்த சீமைப் பெண்கள் எத்தனை பேர்? கும்பினியே இதை விரும்பிற்று. 1687-ல் லண்டனிலிருந்து டைரக்டர்கள் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்களுக்கு இந்நாட்டு மனைவிமாரிடம் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகிற அன்று அதன் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றதற்கு சர்க்கார் சன்மானம்! நூறு வருஷத்தில் காற்று மாறிவிட்டது. 1791-ல் இந்நாட்டுத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்குக் கும்பினியில் கௌரவமான உத்தியோகமே கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கப்புறம் எந்த அப்பா அம்மாவின் பெயரை ஏட்டில் எழுதச் சொல்லுவார்?

பல்லாவரத்துக் கல்லுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கல்கத்தாவுக்கு அடிபோட்டவர் என்று சொல்லப்படும் ஜோப் சார்னாக்கின் கல்லறை, அங்கே புனித ஜான் கோவிலில் இருக்கிறது. அந்தக் கருங்கல் வங்காளத்துக் கல்லே அல்ல. நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல். கப்பலில் போயிருக்கிறது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் நிபுணர் இந்தக் கல் ஜாதிக்கே சார்னாக்கின் ஞாபகமாக 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்.

சார்னாக்கின் மனைவி இந்தியப் பெண். உடன்கட்டையிலிருந்து அவளைக் காப்பாற்றினாரென்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, வருஷக்கணக்காக அவரோடு வாழ்ந்தவள். அவளுடைய மூன்று பெண்கள் மேரி, எலிசபெத், கேதரின். மூவருக்கும் 1689 ஆகஸ்டில் நம் சென்னைக் கோட்டைக் கோவிலில்தான் ஞானஸ்நானம் நடந்தது. அப்பா பெயர் கல்லில் இருக்கிறது. அதே கல்லில் மூத்தவள் மேரியின் பெயர் இருக்கிறது. பெற்றவள் பெயர் எதிலும் இல்லை. கல்லுக்குப் பெயர் வைத்தார்கள், பாருங்கள், அவளுக்கு இல்லை.

இது ஏதோ முந்நூறு வருஷத்துப் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2018-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒலிவியா கோல்மன் என்ற நடிகையின் குடும்ப வேரைத் தேடினார்கள். அவர் முன்னோர்களில் ஹாரியட் என்பவள் பீகாரில் கிஷன்கஞ்சில் பிறந்தவள் என்று தெரியவந்தது. அப்பா இங்கிலீஷ்காரர். அம்மா அநேகமாக உள்ளூர்ப் பெண். அவ்வளவுதான், அதோடு ஏடு நின்றுவிட்டது.

அப்படித் தேடுகிறவர்களுக்கு ஒரே நம்பிக்கை உயில்தான். ஏட்டில் எழுதாததைச் சாகும்போது சிலர் உயிலில் எழுதியிருக்கிறார்கள். 'என்னோடு வாழ்ந்த பெண்ணுக்கு மாதம் இத்தனை வராகன், வீடு, நகை' என்று. சிலர் பெயரும் சொல்லியிருக்கிறார்கள். பலர் 'என் பிள்ளைகளின் தாய்' என்பதோடு முடித்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போனது. 1911 வரைக்கும் அப்படிப் போனவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களும் நிறைய. அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உடம்பிலுள்ள மச்சம், தழும்புகூட எழுதியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு டர்பனிலிருந்து பேத்திகள் இன்றைக்கும் நம் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். துரையின் வீட்டில் குடும்பம் நடத்தியவளுக்குப் பெயர் இல்லை. கூலிக்குப் போனவளுக்குத் தழும்புவரை கணக்கு இருக்கிறது.

இதைப் படிக்கிறபோதே ஒரு நிமிஷம், உங்கள் அம்மாவின் அம்மாவுக்கு அம்மா பெயரைச் சொல்லிப் பாருங்களேன். எனக்குத் தெரிந்த பத்துப் பேரிடம் கேட்டேன். இரண்டு பேர்தான் சொன்னார்கள். ஏட்டிலே எழுதாமல் விட்டது வெள்ளைக்காரன் மட்டும்தானா என்ன?

நம் தெருவுக்கு வந்தால்

பழைய கோவில், இடுகாடு உள்ள ஊரில் குடியிருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு விருந்தாளி எப்போதாவது வாய்க்கலாம். முதலில் உட்காரவைத்து மோர் கொடுங்கள். பாவம், வெயிலில் முகம் செவசெவவென்று ஆகியிருக்கும். அவர் கையிலுள்ள நகலில் அடக்கம் செய்த பாதிரியார் எந்த ஊர்க்காரர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதுதான் முதல் துப்பு. கோவில் குருவிடம் அழைத்துப் போங்கள். அவர் அனுமதி இல்லாமல் இடுகாட்டில் கை வைக்கக் கூடாது. கோவில் பிள்ளையிடமும், ஊரில் வயசானவர்களிடமும் விசாரித்தால் காகிதத்தில் இல்லாதது வாயில் இருக்கும்.

இடுகாடு என்றால் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கும். மழைக்காலத்தில் பாம்பும் உண்டு. ஆகவே ஆளை விட்டுப் புதரை வெட்டிய பிறகே உள்ளே போவது நல்லது. குழந்தைகளைக் கூட அழைத்துப் போக வேண்டாம்.

கல் கிடைத்துவிட்டால் உடனே நம் கை பரபரக்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளையோ, தேங்காய் நார் சோப்புத் தூளையோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஆசிட் கூடவே கூடாது. சுண்ணாம்புக் காரையும் சலவைக்கல்லும் அதில் கரைந்து, இருக்கிற இரண்டு எழுத்தும் போய்விடும். எழுத்துக்குள் சாக்கட்டியோ மஞ்சளோ பூசிப் படிப்பதும் கெடுதல். வெறும் தண்ணீரை ஊற்றி, குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி மெத்தென்ற பிரஷ்ஷால் மெதுவாக மண்ணைத் தள்ளினால் போதும். பாசி ஒட்டியிருந்தால் ஊறவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் எழுத்தே தெரியாது. காலையில் ஏழு மணிக்குள்ளோ, சாயங்காலம் ஐந்துக்கு மேலோ வெயில் சாய்வாக விழும்போது போனால், தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். அப்போது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கல்லை மட்டும் எடுத்தால் போதாது. பக்கத்திலுள்ள மரம், சுவர், கோவில் கோபுரம் எல்லாம் தெரிகிறாற்போல ஒன்று எடுக்க வேண்டும். அடுத்த தடவை வருகிறவர்களுக்கு அடையாளம் வேண்டுமே.

பக்கத்துக் கல்லில் சின்னதாக ஏதாவது பெண் பெயர் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.